ராய்ஸ் டால்பர்ட்டின் ஆயுளுக்காக ஜெபித்தவள்

எங்கள் சபையில் புதன்கிழமை ஜெபக் கூட்டம் நடக்கும்போது, யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று ரெவரெண்ட் எல்லர்பி கேட்பார். ஒருவர் முட்டிவலி என்பார். இன்னொருவர் சிறையில் இருக்கும் மகன் பெயரைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஆர்வீனியா மூசான் மட்டும் வருடக்கணக்காக ஒரே பெயரைத்தான் சொல்லிவந்தாள்.

"ராய்ஸ் டால்பர்ட்டுக்காக ஜெபிங்க. ஆண்டவர் அந்த மனுசனுக்கு நல்ல சுகமும் நீண்ட ஆயுசும் கொடுக்கணும்."

சபை உருகிவிடும். அவளுடைய அப்பாவுக்கு டால்பர்ட் என்ன செய்தான் என்று தெரியாதவர்கள் அந்த அறையில் யாருமில்லை. "பாத்தீங்களா, சத்துருக்களைச் சிநேகிங்கன்னு ஆண்டவர் சொன்னாரே, அதுக்கு நம்ம சிஸ்டர் மூசான்தான் சாட்சி" என்று ரெவரெண்ட் சொல்வார். நான் சபைக்கு வருகிறவர்களை உட்காரவைக்கும் வாசல் உபசரிப்பாளர். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடித்து நிற்கவேண்டும், சிரிக்கக் கூடாது. உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பேன். அவன் ஏன் உயிரோடு இருக்கவேண்டும் என்று அவள் தவிக்கிறாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அன்பு ஒரு மண்ணும் இல்லை. பழி தீர்ப்பதற்குள் அவன் செத்துத் தொலைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

அவன் என்றுதான் எழுதுவேன். வயதில் மூத்தவன், பட்டம் பெற்றவன், பெரிய பதவியில் இருந்தவன், எல்லாம் எனக்குத் தெரியும். காரணம் போகப்போக உங்களுக்கே தெரியும்.

நானும் ஆர்வீனியாவும் தென் கரோலினாவில் ஆஷ்பி மாவட்டத்துச் சாண்டி ஹில்லில் அடுத்தடுத்த வீட்டில் பிறந்தவர்கள். நாங்கள் சிறுமிகளாக இருந்த காலத்தில், டவுன் பக்கம் எந்த வெள்ளைக்காரனும் கறுப்பர்களான எங்கள் ஆட்களை மிஸ்டர் என்றோ மிஸஸ் என்றோ அழைத்ததில்லை. எழுபது வயதுக் கிழவரைப் பால் பல் விழாத வெள்ளைக்காரக் குழந்தைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிடும், அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பதில் சொல்லவேண்டும். அதனால்தான் சாண்டி ஹில்லுக்குள் நாங்கள் ஒருவரையொருவர் பட்டம் சேர்க்காமல் கூப்பிடுவதே இல்லை. மிஸ்டர், மிஸஸ், டீக்கன், சிஸ்டர். அங்கே கிடைக்காததை இங்கே வாரிக் கொடுத்தோம். டவுனுக்கு வேறொரு உபாயம் வைத்திருந்தோம். ஆண் பிள்ளைகளுக்கு முழுப் பெயரை வெளியே விடாமல், இரண்டு எழுத்தோடு நிறுத்திவிடுவோம். பெயரே தெரியாவிட்டால் எப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான்?

ஆர்வீனியாவின் அப்பா அப்படித்தான் ஈ. எல். மூசான். கறுப்பர்களுக்கான ஆஷ்பி பயிற்சிப் பள்ளியின் தலைமை ஆசிரியர். பெயர்தான் பயிற்சிப் பள்ளி. முதல் வகுப்பிலிருந்து கடைசி வகுப்புவரை எங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் படித்தது அங்கேதான். எங்கள் மாநிலப் பல்கலைக்கழகம் எங்களை உள்ளே விடாது, வேண்டுமானால் வேறு மாநிலத்துக்குப் போய்ப் படி என்று பணம் கொடுத்து அனுப்பிவைக்கும். அவர் கோடை தோறும் ரயிலேறி நியூயார்க் போய் முதுகலைப் பட்டம் வாங்கிவந்தவர். புத்தகம் விற்க வரும் வெள்ளைக்காரன் மேஜைமேல் சாய்ந்துகொண்டு, "ஈன்னா என்னய்யா?" என்று கேட்பான்.

"ஈதாங்க" என்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதாம் வருடம், கறுப்பர் பள்ளியும் வெள்ளையர் பள்ளியும் ஒன்றாக வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாங்கள் மகிழ்ச்சியாகத்தான் இருந்தோம். அப்போது மாவட்டக் கல்வி அதிகாரியாகப் புதிதாக வந்தவன் ராய்ஸ் டால்பர்ட். ஒன்றாக்குவது என்றால் அவனுடைய அகராதியில் எங்களுடையதை மூடுவது என்று அர்த்தம். எங்கள் பள்ளியின் கோப்பைகள், பேண்ட் வாத்தியங்கள், பட்டமளிப்பு அங்கிகள், நடைபாதைச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த வகுப்புப் புகைப்படங்கள், எல்லாவற்றையும் பள்ளிக்குப் பின்னால் குவித்துக் கொளுத்தச் சொன்னான். புதுப் பள்ளியில் இடமில்லையாம்.

நானும் ஆர்வீனியாவும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். டிரம்மின் தோல் எரிகிற நாற்றம் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. என் அம்மா இளம்பெண்ணாக, முதல் வரிசையில் கன்னத்துக் குழியோடு நின்ற படம் அந்தக் குவியலில் இருந்தது. அம்மாவுக்கு அந்த வயதில் இருந்த ஒரே படம் அது. மூசான் சார் கோட்டு சூட்டோடு நெருப்பைப் பார்த்தபடி நின்றார். டால்பர்ட் வந்து அவர் தோளில் கையைப் போட்டான். அவனுக்கு அப்போது முப்பதைத் தாண்டிக் கொஞ்சம் இருக்கும், என் மூத்த அண்ணன் வயது.

"எட், உனக்குப் புத்தக ஸ்டோர்ல ஒரு வேலை போட்டுருக்கேன். பஸ் ஷெட்டுக்குப் பின்னாடி. அமைதியா இருக்கும், உனக்குப் பிடிக்கும்."

மூசான் சார் திரும்பவில்லை.

"எட்! உன்னைத்தான்யா கூப்பிடுறேன்."

அது அவர் பெயர் இல்லையே, அவர் ஏன் திரும்பவேண்டும்? ஈ என்ற ஆங்கில எழுத்தை வைத்துக்கொண்டு அவனாகச் சூட்டிய பெயர் அது. டால்பர்ட் எங்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, "காது கேக்கல போல" என்று சொல்லிக்கொண்டே போனான்.

முதுகலைப் பட்டம் பெற்ற தலைமை ஆசிரியர், கிழிந்த பாடப் புத்தகங்களுக்குக் காவல் உட்கார்ந்தார். டால்பர்ட் அவ்வப்போது அந்த வாசலில் வந்து நின்று "எட்" என்பான். அவர் தலையைத் தூக்கமாட்டார். மிஸ்டர் மூசான் என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பார். அவன் சொல்லவில்லை, இவர் எழவில்லை. வருடக்கணக்கில் இந்தக் கூத்து நடந்து, கடைசியில் மேலதிகாரிக்குக் கீழ்ப்படியாதவர் என்று வேலையைவிட்டு நீக்கினான். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த மனிதர் ரொம்ப நாள் இருக்கவில்லை. டவுன் பத்திரிகை டால்பர்ட்டின் அலுவலகத்துக்குப் போன் போட்டு விவரம் கேட்டு, இரண்டு வரி போட்டது. 'பள்ளி ஸ்டோர் ஊழியர் எட் மூசான் காலமானார்.'

மிஸஸ் மூசான் அந்தப் பத்திரிகையைப் படித்தார். சமையலறைத் தரையில் அதை விரித்து, அதன்மேல் மீனை வைத்துச் செதில் தேய்த்தார். அடக்கத்துக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு ஆகவேண்டுமே.

ஆர்வீனியா அப்போது கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் வாழ்க்கைக் குறிப்பை நானே எழுதுகிறேன் என்று உட்கார்ந்தாள். எங்கள் அடக்க ஆராதனையில் எல்லோர் கையிலும் ஒரு சிறு அச்சுப் புத்தகம் கொடுப்போம். அட்டையில் போனவரின் படம், உள்ளே பாட்டுகள், ஜெபங்கள், நடுப்பக்கத்தில் வாழ்க்கைக் குறிப்பு. அதற்குமேல் 'மௌனமாக வாசிக்கவும்' என்று போட்டிருக்கும். ஆர்கன் மெல்ல வாசிக்க, சபை முழுவதும் தலை குனிந்து படிக்கும். பிறகு அந்தப் புத்தகம் வீட்டு பைபிளுக்குள் போய்விடும், யாரும் தூக்கிப் போடமாட்டார்கள். நகரத்து நூலகம் எங்களை உள்ளே விடாத காலத்திலும் எங்களுக்கு நூலகம் இருந்தது. அது எங்கள் பைபிள்களுக்குள் இருந்தது.

அவள் எழுதியதை அப்போதைய போதகர் படித்துவிட்டு வியர்த்துப்போனார். ராய்ஸ் டால்பர்ட் பள்ளியின் பொருள்களையெல்லாம் எரித்தான், என் தகப்பனாருக்கு இல்லாத பெயரைச் சூட்டினான், அதற்குத் திரும்பாததால் வேலையைப் பிடுங்கினான் என்று அப்படியே எழுதியிருந்தாள்.

"செத்தவரோட வாழ்க்கைக் குறிப்புல எதிரி பேரு எதுக்கும்மா? சமாதானமா அனுப்பிவைப்போமே" என்றார் போதகர்.

"கொளுத்தினவன் பேரைப் போடாம, தீ எப்படிப் பத்திச்சுன்னு எழுதறது ரெவரெண்ட்?" என்றாள்.

அப்படியேதான் அச்சாயிற்று. அன்றைக்கு அந்த நடுப்பக்கத்தைப் படித்த சபையில் எழுந்த ஒரு முனகல் இருக்கிறதே, ஆர்கன் அதில் அமுங்கிப்போனது. ஆர்வீனியா தலை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்ணை நான் மறக்கமாட்டேன். தன் கையில் என்ன ஆயுதம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அடுத்த பருவத்தில் வேதியியலுக்கு முழுக்குப் போட்டுவிட்டாள்.

அவள் எழுத்து கற்பிக்கிற பேராசிரியர் ஆனது அப்படித்தான். டாக்டர் பட்டம் வாங்கி, பக்கத்து நகரத்துக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தாள். சனிக்கிழமை தோறும் தன் மாணவர்களைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு எங்கள் சபைக்கூடத்துக்கு வந்துவிடுவாள். பஸ் ஓட்டியது நான்தான், பள்ளி பஸ் ஓட்டியே பிழைத்தவள் நான். கறுப்பும் வெள்ளையுமாகப் பிள்ளைகள் எங்கள் ஆட்களோடு ஆளுக்கொரு மேஜையில் உட்கார்ந்து, அவர்களுடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதவேண்டும். உயிரோடு இருக்கும்போதே.

"செத்த பெறகு மத்தவங்க எழுதினா, பூசி மெழுகிருவாங்க. நீங்க இருக்கும்போதே எழுதிவச்சுட்டு நிம்மதியாச் சாவுங்க" என்பாள். பேச்சில் இங்கிதம் என்பதே கிடையாது. சமையலும் வராது. பக்கத்து அடுப்பில் மீன் பொரிந்துகொண்டிருக்கும், அவளை அந்தப் பக்கம் விடமாட்டோம். ஒரு தடவை தக்காளி போட்ட சிவப்புச் சோறு செய்துகொண்டு வந்தாள், அதை டீக்கனின் நாய்கூட முகர்ந்துவிட்டுப் போய்விட்டது.

ஒருநாள் ஒரு வெள்ளைக்காரப் பெண், பேண்ட் மாஸ்டர் கோக்லியின் மனைவியைப் பற்றி, 'பள்ளி மூடப்பட்டதால் ஆசிரியை வேலையை இழந்தார்' என்று எழுதிக்கொண்டு வந்தாள். ஆர்வீனியா அதை வாங்கிப் பார்த்தாள்.

"பள்ளிக்கூடம் தானாவே கதவைச் சாத்திக்கிச்சாம்மா?"

"இல்ல, மேடம்..."

"இவங்க வேலையை எங்கேயோ வழியில தொலைச்சுட்டாங்களா?"

அந்தப் பெண் முகம் சிவந்து மறுபடி போய் உட்கார்ந்தாள். மிஸஸ் கோக்லி அவள் கையைத் தட்டிக்கொடுத்து, "எழுதும்மா, ராய்ஸ் டால்பர்ட்னு எழுது. எழுத்துக்கூட்டிச் சொல்றேன்" என்றார்.

கல்லூரியில் அவளுக்குப் பதவி உயர்வு கொடுக்காமல் ஒரு தடவை இழுத்தடித்தார்கள். டீன் கூப்பிட்டு, "நீங்க செய்யறது நல்ல சமூக சேவைதான். ஆனா ஆராய்ச்சின்னு எப்படிச் சொல்றது?" என்றாராம். நான் அந்த டீனைத் திட்டித் தீர்த்தேன். அவள் சிரித்தாள். "அந்த ஆளு என்னை யாருன்னு நினைச்சுட்டு இருக்காரு? நான் சேவை செய்யறேனாம்ல!" என்று தொடையில் தட்டித்தட்டிச் சிரித்தாள். பிறகு ஒருநாள் கொடுத்தார்கள்.

காலம் போனது. பயிற்சிப் பள்ளியில் கற்றவர்களும் கற்பித்தவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். நடுப்பக்கத்தில் எங்கேயாவது ஒரு வரியில் டால்பர்ட் இருப்பான். எங்கள் பிணங்கள் ஒவ்வொன்றும் அவன்மேல் ஒரு கல்லை விட்டெறிந்துவிட்டுத்தான் குழிக்குள் இறங்கின. அது அவனுக்குத் தெரியாது. எங்கள் சாவுக்கு எந்த வெள்ளைக்காரன் வந்தான்?

அவளுக்கு அதுதான் உறுத்தல். அவன் காதில் விழவேண்டும். ஆனால் அவன் கிழடாகிக்கொண்டே போனான். ஒருமுறை அவனுக்கு இதய அறுவை சிகிச்சை என்று செய்தி வந்தபோது ஆர்வீனியா என் வீட்டுக்கு ஓடிவந்தாள், உதட்டுச்சாயம்கூடப் பூசாமல். அவள் அப்படி வெளியே வந்து நான் பார்த்ததே இல்லை.

"செத்துருவானாடி வெர்னெல்?"

"அடியே, உன் புருசன் ஆஸ்பத்திரியில கிடந்தப்போகூட நீ இவ்வளவு பதறலையேடி."

"க்ளீவன் எனக்குச் செய்யவேண்டியதெல்லாம் செஞ்சுட்டுத்தான் போனான். இவன் இன்னும் செய்யலையே."

எனக்கே அன்றைக்குக் கொஞ்சம் அலுத்துவிட்டது. "அவன் கிழவன்டி. விட்டுத்தொலையேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "எங்கப்பா கிழவனாகவே இல்லையே, வெர்னெல்" என்றாள். அந்தப் புதன்கிழமைதான் முதல்முறையாக அவள் எழுந்து நின்று அவன் ஆயுளுக்காக ஜெபிக்கச் சொன்னது. ஆண்டவரும் கேட்டார். கிழவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

எங்கள் பழைய பள்ளி இருந்த நிலத்தில் மாவட்டம் புதுப் பள்ளி கட்டியது. அதற்கு டாக்டர் ராய்ஸ் டால்பர்ட் பள்ளி என்று பெயர் வைக்கப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. டாக்டர் பட்டம் யாரோ மரியாதைக்குக் கொடுத்தது. அவன் எங்கள் படங்களைக் கொளுத்திய இடத்திலேயே அவன் பெயர்! சாண்டி ஹில்லில் அன்றைக்கு அடுப்பு எரியாத வீடுகளிலும் வயிறு எரிந்தது. ஆட்சேபம் உள்ளவர்கள் கல்விக் குழுவின் பொதுக் கூட்டத்துக்கு வந்து ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசலாம் என்றார்கள். இரண்டே நிமிடம் கொடுத்தால் நாங்கள் தடுமாறிக் கத்திவிட்டு உட்கார்ந்துவிடுவோம் என்று நினைத்திருப்பார்கள்.

பாவம், இரண்டு நிமிடத்தை எங்களிடமா காட்டுவது? எங்கள் அடக்க ஆராதனையில் பேச எழுகிறவர்களுக்கு அச்சடித்தே வைத்திருப்போம், 'தயவுசெய்து இரண்டு நிமிடம்' என்று. ஒருவரும் மதிக்கமாட்டார் என்பது வேறு விஷயம். நான் போய்ப் பக்கத்தில் நின்று கையுறைக் கையை முதுகுக்குப் பின்னால் மடித்தால்தான் இறங்குவார்கள். ஆர்வீனியா அதையே எங்களுக்குப் பயிற்சியாக்கிவிட்டாள். சனிக்கிழமைகளில் ஒவ்வொருவரையும் நிற்கவைத்து, தன் வீட்டில் போனவர்களின் வாழ்க்கைக் குறிப்பை இரண்டு நிமிடத்துக்குள் வாசிக்கவைத்தாள். நான் கையை மடித்தால் நிறுத்தவேண்டும்.

"அழுதா நேரம் போயிரும். அழறதை வீட்டுல வச்சுட்டு வாங்க" என்று அதட்டினாள்.

"அவன் வருவானாம்மா?" என்று கேட்டார் பேண்ட் மாஸ்டர் கோக்லி. அவருடைய மனைவி அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார்.

"பேரு வைக்கப்போறாங்கல்ல, வராம இருப்பானா? முன்வரிசையில உக்காருவான்."

உட்கார்ந்தான். சக்கர நாற்காலியில், நீலக் கோட்டோடு, மகள் பின்னால் நிற்க. நாங்கள் சாவுக்குப் போகிற உடுப்பில் போனோம். பெண்கள் பெரிய தொப்பிகளில், ஆண்கள் கறுப்பு சூட்டில், உபசரிப்பாளர்கள் நாங்கள் வெள்ளையில். ஒவ்வொருவர் கையிலும் பைபிள் இருந்தது. குழுத் தலைவி ஜெபிக்க வந்திருக்கிறோம் என்று நினைத்துப் புன்னகைத்தாள். டால்பர்ட்டும் தலையாட்டினான்.

கோக்லிதான் முதலில் மைக்குக்குப் போனார். பைபிளைத் திறந்து மனைவியின் படம் போட்ட புத்தகத்தை எடுத்தார்.

"இதுல 'மௌனமாக வாசிக்கவும்'னு போட்டிருக்கு. இன்னைக்குச் சத்தமா வாசிக்கப்போறேன். ராய்ஸ், நல்லாக் கேட்டுக்க."

தலைவி குறுக்கிட்டாள். "மன்னிக்கணும். அவரை டாக்டர் டால்பர்ட்னு சொல்லுங்க."

"அவரு பேரு ராய்ஸ்தானேம்மா? வேற பேரு எதுவும் வச்சு நான் கூப்பிடலையே." கோக்லி அவ்வளவு பவ்வியமாகக் கேட்டார். "நம்ம ஊர்ல பேரைச் சொல்லிக் கூப்பிடறதுதானே வழக்கம்? நாங்க இவருகிட்ட கத்துக்கிட்டதுதான்."

எங்கள் வரிசையிலிருந்து "ஆமென்" என்று ஒரு குரல் வந்தது. கோக்லி வாசித்தார். நான் கையை மடித்ததும் நிறுத்தினார். அடுத்தவர் போனார். அதற்கடுத்தவர் போனார். ஒவ்வொருவரும் "ராய்ஸ்" என்றுதான் தொடங்கினார். சாவு வீட்டில் மௌனமாகப் படித்ததெல்லாம் சத்தமாக வெளியே வந்தது. பேண்ட் வாத்தியம், அங்கிகள், வேலை போன ஆசிரியைகள், தலைமை ஆசிரியர் உட்கார்ந்த புத்தகக் கிடங்கு. தலைவி இரண்டு தடவை திருத்திப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனாள். டால்பர்ட் முதலில் புன்னகைத்துக்கொண்டிருந்தான். பிறகு அந்தப் புன்னகையை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தான். பிறகு அதுவும் போயிற்று.

என் முறையும் வந்தது. அம்மாவின் வாழ்க்கைக் குறிப்பை வாசித்தேன். முடிவில், "எங்கம்மா எப்படி இருந்தாங்கன்னு என் பேத்திக்குக் காட்ட எங்கிட்ட ஒரு படம்கூட இல்ல, ராய்ஸ். கன்னத்துல குழி இருந்துச்சு, அதைச் சொல்லித்தான் காட்டறேன்" என்றேன். என் குரல் உடையவில்லை. அழுகையை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

கடைசியாக ஆர்வீனியா போனாள். கையில் எதுவும் இல்லை. உதட்டுச்சாயம் பளீரென்று இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் டால்பர்ட் தனக்கென்று கொடுத்திருந்த மைக்கைத் தன் மகளிடமிருந்து வாங்கிக்கொண்டான்.

"ஆர்வீனியா, உங்கப்பாவை எனக்கு நல்லாத் தெரியும்மா. நானும் எட்டும்..."

அவள் திரும்பவில்லை. குழுவைப் பார்த்தபடி அப்படியே நின்றாள்.

"எட் ரொம்ப நல்ல மனுசன். அந்தக் காலம் வேற..."

அசையவில்லை. அந்த வேலிக்குப் பக்கத்தில் நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்ற மனிதரை மறுபடி பார்த்தேன். அதே தோள், அதே கழுத்து. கூடத்தில் ஒரு தொப்பிகூட அசையவில்லை. பேசவேண்டிய தன் இரண்டு நிமிடத்தை அவள் அப்படியே ஓடவிட்டாள்.

"ஆர்வீனியா? காது கேக்குதா?" மைக்கை வாய்க்கு இன்னும் கிட்டே கொண்டுபோனான். மகள் குனிந்து அவன் காதில் எதையோ சொன்னாள். அவன் புருவத்தைச் சுருக்கினான். எனக்குத் தெரிந்து அவன் வாழ்நாளில் முதல் தடவையாக அதை யோசித்துப் பார்த்தான். "அவன் பேரு... எட் இல்லையா?"

"இல்ல" என்றாள் ஆர்வீனியா. அப்போதுதான் திரும்பினாள்.

"அப்போ ஈன்னா என்ன?"

"அதைத் தெரிஞ்சுக்கற தகுதி உனக்குக் கெடையாது, ராய்ஸ். உனக்கு அவரு மிஸ்டர் மூசான்."

மகள் நாற்காலியைத் திருப்பப் பார்த்தாள், அவன் கையைத் தூக்கித் தடுத்தான். "மிஸ்டர் மூசான்" என்றான்.

"பின்வரிசைக்குக் கேக்கல."

"மிஸ்டர் மூசான்."

"இன்னொரு தடவை. அன்னைக்கு நெருப்புகிட்ட கூப்பிட்ட மாதிரி சத்தமாக் கூப்பிடு."

தலைவி மணியைத் தட்டி, "உங்க ரெண்டு நிமிஷம் முடிஞ்சுபோச்சு, டாக்டர் மூசான்" என்றாள்.

"எனக்கு முடிஞ்சுது. அவன் இன்னும் முடிக்கல" என்றாள் இவள்.

அவன் சொன்னான். கண்ணில் நீர் ஒழுக, கூடத்தின் கடைசிச் சுவர் வரைக்கும் கேட்கிற மாதிரி, "மிஸ்டர் மூசான்!" என்று கூப்பிட்டான். யாரும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லவேண்டியவர் மண்ணுக்குள் இருந்தார். எனக்கு அவன்மேல் பரிதாபம் வந்ததா என்று ரெவரெண்ட் பிற்பாடு கேட்டார். வரவில்லை. இனித்தது. பொய் சொல்லி எனக்கென்ன ஆகவேண்டும்?

மறுநாளே அவன் மகள் எழுதிக் கொடுத்துவிட்டாள், தன் தகப்பனார் பெயர் வேண்டாம் என்று. பள்ளிக்குப் பக்கத்தில் ஓடும் ஓடையின் பெயரை வைத்தார்கள். "ஓடை யாருக்கும் கெடுதல் செய்யல, இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் ஆர்வீனியா. டீன் போன் போட்டு, இது மிகச் சிறந்த ஆராய்ச்சி, கல்லூரிக்கே பெருமை என்றாராம். இவள் போனை என் காதில் வைத்துவிட்டு ஐஸ் டீ ஊற்றப் போய்விட்டாள்.

அடுத்த புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் ரெவரெண்ட் எல்லர்பி முட்டிவலிகளையும் மகன்களையும் முடித்துவிட்டு, பழக்க தோஷத்தில் அவள் பக்கம் கையை நீட்டினார். "சிஸ்டர் மூசான் வழக்கம்போல சகோதரர் டால்பர்ட்டுக்காக..."

"வேண்டாம் ரெவரெண்ட்" என்றாள் ஆர்வீனியா, உட்கார்ந்தபடியே. "அந்த ஜெபம் முடிஞ்சுது. இனிமே அவன் இருக்கறதும் போறதும் ஆண்டவர் இஷ்டம்."

சபை மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தது. ரெவரெண்டுக்கு நிதானமாகத்தான் விளங்கியது. முகம் மாறிக்கொண்டே வந்தது. அத்தனை வருடம் அத்தனை பேரும் எதற்காக முழங்காலில் நின்றோம் என்று கணக்குப் போடுவது தெரிந்தது. பின்வரிசையில் கோக்லி இருமுவது போல் சிரித்தார். நான் கையுறையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

டால்பர்ட் அடுத்து வந்த வசந்தத்திலேயே போய்விட்டான். பத்திரிகை அவனுக்கு அரைப் பக்கம் ஒதுக்கி, டாக்டர் டால்பர்ட் என்று பெரிய படத்தோடு போட்டிருந்தது. அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. ஈ என்றால் என்ன என்று நீங்களும் கேட்பீர்கள். எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். உங்களுக்கும் அவர் மிஸ்டர் மூசான்தான்.

ஆர்வீனியா அந்தப் பத்திரிகையை என் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தாள். கோக்லி ஆற்றிலிருந்து பிடித்துக் கொடுத்த மீன் தொட்டியில் கிடந்தது. அவள் சமையலறைத் தரையில் குனிந்து, அரைப் பக்கம் மேலே தெரியும்படி அதைச் சுருக்கமில்லாமல் விரித்தாள். கத்தியை எடுத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"மீனைக் கொண்டா வெர்னெல்" என்றாள். "சமைக்கத்தான் விடமாட்டீங்க. செதிலாவது நான் தேய்க்கிறேன்."